வயிற்றைக் காட்டிக்கொடுத்த டேப்

வெயில் கொளுத்தும் ஒரு தீவில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாக்காரர்களின் குளிருக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பதுதான் எண்பதுகளில் மொரீஷியஸில் எங்கள் பிழைப்பு. பின்னியவர்களில் ஒருவர்கூட அதைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. போட்டிருந்தால் மயக்கம்தான் வந்திருக்கும். நான் திருப்பூரில் பனியனுக்குத் தரம் பார்த்துக்கொண்டிருந்தவன். பனியனைப் பார்த்தவன் ஸ்வெட்டரையும் பார்ப்பான் என்று யாரோ நம்பிவிட்டதால், நாற்பது வயதில் மனைவியோடு காத்ர் போர்ன் என்ற ஊரில் வந்து இறங்கினேன்.

ஓட்டை பார்ப்பதுதான் என் வேலை. பின்னலில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், ஓட்டை தன்பாட்டுக்கு வளரும். இருபது வருஷ அனுபவத்தில் தானாகச் சிறிதான ஓட்டை ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. ஊசி போட வேண்டும், இல்லையென்றால் ஒதுக்கித்தள்ள வேண்டும். என் வாழ்க்கைத் தத்துவம் என்று ஏதாவது இருந்ததென்றால் இதுதான். படித்த தத்துவப் புத்தகங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இன்னொரு வேலை, அளப்பது. மெழுகு பூசிய பருத்தி டேப் ஒன்று எப்போதும் என் கழுத்தில் கிடக்கும். கோவிலுக்குப் போகும்போதுகூடக் கழற்ற மறந்துபோவேன். என் மனைவி அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். துணி டேப்பை நம்பக் கூடாது. இழுத்தால் நீளும், நனைந்தால் சுருங்கும், கேட்டால் ஒப்புக்கொள்ளாது. அதனால் திங்கட்கிழமை காலையில் தொழிற்சாலையில் இருக்கிற எல்லா டேப்பையும் ஒரு எஃகு ஸ்கேலோடு வைத்துப் பார்ப்போம். ஒத்துவராததைக் கத்தரித்துப் போட்டுவிடுவோம். இந்தச் சடங்கை நான் தவறவிட்டதே இல்லை. சந்தியாவந்தனத்தில் இந்த ஒழுங்கு இருந்திருந்தால் என் அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார்.

அப்படி ஒரு திங்கட்கிழமை டேப்பைச் சரிபார்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பாம்பூ என்ற கிராமத்தில் எங்களுக்குப் பின்னிக் கொடுக்கும் சின்னப் பட்டறைக்கு மொபெட்டில் கிளம்பினேன். கரும்பு வெட்டும் காலம். லாரிகள் போகிற வழியெல்லாம் கரும்பை உதிர்த்துக்கொண்டு போகும். நடுரோட்டில் கிடந்த ஒரு கரும்பின் மேல் என் முன்சக்கரம் ஏறியது. கரும்பு உருண்டது. நானும் உருண்டேன். மொபெட்டின் கைப்பிடி என் இடது விலாவுக்குக் கீழே புகுந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. நான் அப்போது போய்க்கொண்டிருந்த வேகத்தைச் சொன்னால் மரியாதை கெட்டுவிடும். ஒரு வாத்து என்னை முந்தியிருந்தது.

எழுந்து நின்று சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டேன். ரத்தம் இல்லை, சிராய்ப்பு இல்லை. இடது தோள்தான் வலித்தது. அடிபட்டது வயிற்றில், வலிப்பது தோளில். என் உடம்பு நிர்வாகத்தில் வழக்கமான குளறுபடி என்று நினைத்தேன். பட்டறைக்குப் போய் நான்கு ஸ்வெட்டர் பார்த்தேன். ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது, பார்க்காமலே "ஓகே" சொன்னேனாம். பட்டறைக்காரர் உடனே வேனை எடுத்துவிட்டார். இந்த ஆள் பார்க்காமல் ஓகே சொல்கிறான் என்றால் உயிர் போகப்போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மண்ணீரலில் ஒரு கிழிசல். கல்லீரலில் சின்னதாக இன்னொன்று. வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. எனக்குக் கிடைத்த சர்ஜன் இளைஞர். வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து, படம் வரைந்து காட்டினார். அவர் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசினார். என் கிரியோல் தொழிற்சாலைக் கிரியோல், நூலும் ஊசியும் தாண்டாது. புரிந்த வரையில் சொல்கிறேன்.

"வழக்கப்படி பார்த்தா, இப்பவே வயித்தைத் திறந்து மண்ணீரலை எடுத்துடணும். ஆனா அது போயிட்டா அப்புறம் ஆயுசு பூரா சின்னக் காய்ச்சல் வந்தாக்கூட பயப்படணும். குழந்தைங்களுக்கு இப்பல்லாம் காத்திருந்து பாக்கறாங்க. தானாவே ஆறிடுது. உங்களுக்கும் காத்திருந்து பாக்கலாமா?"

"கிழிசல் தானா மூடுமா?"

"மூடும்."

"ஊசி போடாம?"

"போடாம."

என் இருபது வருஷ அனுபவம் படுக்கையிலிருந்து எழுந்து போய்விடலாமா என்று பார்த்தது. எழக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். பத்து நாள் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இருமக் கூடாது, முக்கக் கூடாது, புரளக் கூடாது, சிரிக்கவே கூடாது. ரத்தம் மறுபடி கசிய ஆரம்பித்தால் நாடி ஏறும், அழுத்தம் இறங்கும், வயிறு பெருக்கும். பெருத்தால் மறுபேச்சு இல்லை, கத்திதான்.

வயிறு பெருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தொப்புள் மட்டத்தில் டேப் போட்டு அளப்பார்களாம். வார்டு டேப்பைத் தேடினார்கள். அது பிரசவ வார்டுக்குப் போனது போனதுதான் என்றார் நர்ஸ். வந்து ஒரு மாதம்கூட ஆகாத சின்னப் பெண், வேலையில் பயங்கர சிரத்தை. அவர் கண் என் கழுத்தில் விழுந்தது. அந்த ஊரில் ஐயாவுக்கு முஸ்யே. "முஸ்யே, இதோ இருக்கே!" என்று என் டேப்பையே உருவி, என் வயிற்றைச் சுற்றிப் போட்டு, இருபுறமும் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டுக்கொண்டார். எண்பத்தாறு சென்டிமீட்டர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சுற்றளவில் குறை கண்டுபிடித்தவனுக்கு இது தேவைதான்.

முதல் இரண்டு நாள் வாய்க்கு ஒன்றும் இல்லை. கையில் ரத்தமும் குளூக்கோஸும் மாறி மாறி இறங்கின. பயந்தேன். பயந்ததை ஒத்திவைத்துவிட்டு நகைச்சுவையாக எழுதுகிறவன் நான். ஆனால் அந்த இரண்டு நாளில் ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். ஒவ்வொரு தடவை டேப் வயிற்றைச் சுற்றும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். "மூச்சை விடுங்க முஸ்யே, ஏமாத்தாதீங்க" என்பார் நர்ஸ். எண்பத்தாறு. எண்பத்தாறு. எண்பத்தாறரை. எண்பத்தாறு.

மூன்றாம் நாள் என் மனைவி படிக்க ஏதாவது கொண்டுவருவதாகச் சொன்னாள். சிரிப்பு வரும் புத்தகம் கூடாது என்று டாக்டர் அவளிடமும் சொல்லியிருந்தார். யோசித்துப் பார்த்து, நான் எழுதி வைத்திருந்த நகைச்சுவைக் கட்டுரைகளின் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இதுல ஆபத்து இல்லீங்க. நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன்."

ஆபத்து பக்கத்துக் கட்டிலில் இருந்தது. அவர் சாந்த் குருவா என்ற ஊர்க்காரர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், குடலிறக்கத்துக்காக வந்திருந்தார். நூறு வருஷத்துக்கும் முன்னால் கரும்பு வெட்டக் கப்பலேறிய தமிழர்களின் வாரிசு. வீட்டில் பேசுவது கிரியோல். தமிழில் அவருக்குத் தெரிந்தது காவடிப் பாட்டுகள், உறவுமுறைகள், 'அய்யோ', பிறகு 'அரோகரா'. இந்த நான்கை வைத்துக்கொண்டு அவர் என்னோடு நாள் முழுக்கத் தமிழில் பேசினார். நான் தலையை லேசாகத் திருப்பினாலும், "அண்ணே, பா பூஜே! பா பூஜே!" என்று கத்துவார். அசையாதே என்று அர்த்தம். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தமிழ்நாட்டிலிருந்து வந்த எல்லாரும் அவருக்கு அண்ணன்.

எனக்குச் சிரிக்கத் தடை என்று தெரிந்ததும் அவர் வாயைப் பூட்டிக்கொள்ள உண்மையாகவே முயன்றார். ஆறாவது நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பூட்டு உடைந்துவிட்டது. பார்வையாளர் நேரம். என் மனைவி வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். கிரியோலும் சைகையுமாக அவர் அவளிடம்தான் சொன்னார், எனக்கு இல்லை, சத்தியமாக.

ஒரு வருஷம் காவடி விரதத்தில் ஒருநாள் மௌனமாக இருப்பதாக நேர்ந்துகொண்டாராம். அன்றைக்கு லீவு, பதிலுக்கு வேறு கண்டக்டரும் வரவில்லை. கோவிலுக்குப் போக, தான் வேலை செய்யும் அதே பஸ்ஸில் பயணியாக ஏறினாராம்.

"முப்பது வருஷம் அந்த பஸ்ல 'நிறுத்து, நிறுத்து'ன்னு கத்தியிருக்கேன் தங்கச்சி. அன்னிக்கு ஒருநாள்தான் வாயைத் திறக்கல. அந்தத் தடியன், டிரைவர், நான் வண்டியில இருக்கேன், எப்படியும் கத்துவேன்னு நம்பி, கோவிலைத் தாண்டி, ஊரைத் தாண்டி, கடைசி ஸ்டாப்பு வரைக்கும் ஒரு இடத்துலயும் நிறுத்தாம போயிட்டான். பஸ் பூரா ஜனங்க என்னைத் திட்டறாங்க. நான் கையெடுத்துக் கும்பிடறேன். சாமி கும்பிடறேன்னு நெனச்சு ஒரு பாட்டி என் மடியில எலுமிச்சம்பழம் வைக்குது!"

நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக உடம்பில் உள்ள எல்லாத் தசைகளையும் கூப்பிட்டேன். அது சிரிப்பதைவிட மோசம். கட்டில் ஆடியது. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் நாடி பார்க்க வந்தார். பார்த்தார், முகம் மாறியது. நூற்றுப் பத்து. டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றிப் போட்டார். இன்னொரு தடவை போட்டார்.

எண்பத்தொன்பது.

மூன்று சென்டிமீட்டர் ஒரே நாளில். கண்டக்டர் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ அம்மா, நான் கொன்னுட்டேன்" என்று கிரியோலில் முனகியது எனக்குக் கேட்டது.

காத்திருக்கச் சொன்ன இளம் டாக்டருக்கு அன்றைக்கு விடுமுறை. பணியில் இருந்தவர் பெரிய சர்ஜன். கூரான மூக்கு, கூரான பேச்சு, கத்தி எடுப்பதில் பெயர் போனவர். இந்தக் காத்திருக்கும் வைத்தியம் அவருக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை என்பது வார்டுக்கே தெரியும். என் வயிற்றை அழுத்தினார், தாளைப் பார்த்தார், ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சொன்னார். லேபுக்கு ரத்தம் அனுப்பு. நான்கு பாட்டில் ரத்தம் ஏற்பாடு செய். தியேட்டரைத் தயார் செய். மனைவியிடம் கையெழுத்து வாங்கு.

மனைவி கையில் பேனாவைக் கொடுத்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். ஆறு நாள் கல் மாதிரிக் கிடந்து, ஒரு எலுமிச்சம்பழத்தில் எல்லாம் போயிற்று. வலி கூடியிருக்கிறதா என்று உள்ளே தேடினேன். இல்லை. தோள் வலி இல்லை. மயக்கம் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறேன் என்கிறது, டேப் இல்லை என்கிறது. இருபது வருஷமாக இப்படி ஒரு தகராறு வந்தால் நான் டேப்பின் பக்கம்தான் நின்றிருக்கிறேன்.

நர்ஸின் கையில் தொங்கிய என் டேப்பை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த டேப் மாதிரி இல்லை. பளபளப்பு போயிருந்தது. ஓரம் லேசாகச் சுருண்டிருந்தது. மொரீஷியஸில் வேறு எந்தச் சுருளையும் எனக்கு இவ்வளவு நன்றாகத் தெரியாது. வெந்நீரில் விழுந்த ஒவ்வொரு ஸ்வெட்டரின் ஓரமும் அப்படித்தான் சுருளும்.

"இதை யார் துவைச்சது?" என்றேன்.

தொழிற்சாலையில் கேட்கும் அதே குரல். வயிற்றில் கிழிசல் இருப்பவனுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னிக்குக் காலையில அளந்ததும் உங்க சூப் அது மேல சிந்திடுச்சு முஸ்யே. அழுக்கோட வயித்துல வைக்கக் கூடாதில்ல? ஸ்டெரிலைசர்ல போட்டுக் கொதிக்க வெச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம். நல்லா இருக்கட்டும்னு."

பெரிய டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த ஆளுக்கு மயக்கம் ஏறுது. சீக்கிரம் கையெழுத்து வாங்குங்க" என்றார். என் மனைவி பேனாவை மூடினாள்.

"டாக்டர், ஒரு நிமிஷம் இவர் என்ன சொல்றார்னு கேளுங்க. வீட்ல நான் கேக்கறதில்ல. நீங்களாவது கேளுங்க."

காய்ச்சல் தாளில் கோடு போட நர்ஸ் வைத்திருக்கும் ஸ்கேலைக் கேட்டேன். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல். டேப்பை அதன் மேல் வைத்துப் பிடிக்கச் சொன்னேன். நர்ஸ் வைத்தார். குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்து பார்த்தார்.

"முப்பத்தொண்ணு" என்றார்.

அதாவது, என் டேப் முப்பது சென்டிமீட்டரை முப்பத்தொன்று என்று சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் எப்போதும் ஜஸ்ட் பாஸ். ஆனால் அன்றைக்கு மல்லாந்து படுத்தபடி, எண்பத்தொன்பதை முப்பதால் பெருக்கி முப்பத்தொன்றால் வகுத்தேன். அந்த வாத்தியார் பார்த்திருக்க வேண்டும்.

"எண்பத்தாறு, டாக்டர். மேல ஒரு மில்லிமீட்டர் வரலாம். என் வயிறு பெருக்கல. டேப் சுருங்கிடுச்சு."

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். ஸ்கேலை வாங்கித் தானே வைத்துப் பார்த்தார். கெட்டிக்காரர், தான் பார்த்ததை மறுக்கவில்லை. பிரசவ வார்டிலிருந்து ஆஸ்பத்திரி டேப்பைக் கொண்டுவரச் சொன்னார். நர்ஸ் ஓடினார். அது வருவதற்குள் என் நாடியை அவரே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பத்து நிமிஷமும் கண்டக்டர் வாய்க்குள் போர்வையைத் திணித்துக்கொண்டிருந்தார்.

டேப் வந்தது. ஸ்கேலில் வைத்தார், சரி. வயிற்றில் வைத்தார்.

"எண்பத்தாறு" என்றார் பெரிய டாக்டர். சொல்லும்போது அவருக்கு வலித்த மாதிரி இருந்தது. "நாடி தொண்ணூறு. லேப் ரிசல்ட் வர்ற வரைக்கும் பாக்கலாம். தியேட்டர் தயாராவே இருக்கட்டும்."

ஒரு மணி நேரம் கழித்து லேபிலிருந்து தாள் வந்தது. ரத்தத்தின் அளவு நேற்று எவ்வளவோ அவ்வளவே. நாடி எண்பத்து நான்கு. தியேட்டரை மூடச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே வெளியே போனார்.

கண்டக்டர் வாயிலிருந்து போர்வையை உருவினார். குடலிறக்கக்காரர் செய்யவே கூடாத காரியம் ஒன்றைச் செய்தார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தூக்கி, முப்பது வருஷம் பஸ் நிறுத்திய குரலில், "வெற்றிவேல் முருகனுக்கு!" என்றார். வார்டில் இருபது கட்டில். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீனர் என்று கலந்து கிடந்த கூட்டம். காவடி ஊர்வலத்தைத் தெருவோரம் நின்று பார்க்காதவர் அந்தத் தீவில் யார்? இருபது கட்டிலும் சேர்ந்து "அரோகரா!" என்றது. வாசல் பக்கம் கால் உடைந்து கிடந்த சீனக் கடைக்காரர் தாளத்துக்கு ஊன்றுகோலால் தரையைத் தட்டினார்.

நான் அசையவில்லை. சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் காட்டிய ஒரே உண்மையான மனக்கட்டுப்பாடு அதுதான். என் மனைவி எனக்கும் சேர்த்துச் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. இளம் டாக்டர் வந்து கதையைக் கேட்டுவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில், ஆஸ்பத்திரியின் எல்லா வார்டிலும் இருந்த டேப்புகளைச் சேகரித்து நர்ஸ் கையில் கொடுத்தனுப்பினார். மொத்தம் நான்கு. அவற்றோடு எங்கிருந்தோ ஒரு எஃகு ஸ்கேல். படுத்தபடியே நான்கையும் சரிபார்த்தேன். குழந்தைகள் வார்டு டேப்பை மட்டும் நிராகரித்தேன். அது நீண்டுபோயிருந்தது. அந்த டேப்பால் அளக்கப்பட்ட குழந்தைகள் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். நினைத்ததைவிட உயரமாக இருப்பார்கள், பாவம். நர்ஸிடம் கத்தரிக்கோல் கேட்டு, நானே கத்தரித்தேன். பிறகு என் டேப்பை அவரிடம் நீட்டினேன். அவர் கத்தரிக்க மறுத்துவிட்டார்.

"இது என் தப்பு முஸ்யே. நான் வெச்சுக்கறேன்."

"உங்க தப்பு இல்ல. நீங்க சுத்தமா இருந்தீங்க. நான் சூப்பை ஒழுங்கா குடிச்சிருக்கணும்."

பன்னிரண்டாம் நாள் மறுபடி ஸ்கேன். இளம் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். எனக்குத் தெரிந்தது மழைநாள் மாதிரி ஒரு சாம்பல் நிறம்தான். "இங்க இருந்த கோடு பாருங்க, மங்கிப்போச்சு. மூடிக்கிட்டு வருது" என்றார். ஊசி இல்லாமல், நூல் இல்லாமல், யாரும் பரிசோதிக்காமல். என் இருபது வருஷ அனுபவத்தை அன்றைக்கு நான் மரியாதையோடு வாபஸ் வாங்கிக்கொண்டேன். உடம்பு, ஸ்வெட்டரைவிட நல்ல பின்னல்.

பதினான்காம் நாள் நடந்தே வெளியே வந்தேன். வாசல் வரைக்கும் கண்டக்டர் தன் புதுத் தையலைப் பிடித்துக்கொண்டு வழியனுப்பினார். அவருக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். நான் என் சட்டையைத் தூக்கி, ஒன்றும் இல்லாததைக் காட்டினேன். "சே, என்ன அண்ணே, காட்டறதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. அன்றைக்கும் இருந்தவர் பெரிய சர்ஜன்தான். வயிற்றை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தார். "நல்லாத்தான் ஆறியிருக்கு" என்றார். தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நான் நாப்பது நிமிஷத்துல முடிச்சிருப்பேன்."

"தெரியும் டாக்டர். எனக்குத்தான் அவசரம் இல்ல."

அவர் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்ததாக ஆஸ்பத்திரியில் வேறு யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியும் நானும் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரைக்குப் போனோம். புது ஹோட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் ஸ்வெட்டரைக் குளிர்காலத்தில் வாங்கிப் போடும் அதே ஐரோப்பாக்காரர்கள், வெயில் காய்வதற்காக விமானம் ஏறி வந்து, ஒன்றும் போடாமல் படுத்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொது இடத்தில் சட்டையைக் கழற்றினேன். ஒரு தழும்பு இல்லை, ஒரு தையல் இல்லை. தரப் பரிசோதகன் பார்வையில் முதல் தர வயிறு. தண்ணீர் ஓரமாக இரண்டு தடவை நடந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் என்ன, மூன்றாவது தடவையும் நடந்தேன்.

திரும்பி வந்தபோது என் மனைவி பையிலிருந்து புது டேப் ஒன்றை எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் பூசணிக்காய்க் கூட்டும் பாயசமுமாக எனக்கு ஊட்டியவள் அவள்தான். என் வயிற்றைச் சுற்றிப் போட்டு, மூச்சை விடச் சொல்லி, படித்தாள்.

"தொண்ணூத்திரண்டு."

"டேப்பைத் துவைச்சியா?"

"காலையிலதான் ஸ்கேல்ல வெச்சுப் பாத்தேன். டேப் சரியா இருக்கு. சட்டையைப் போடுங்க."